நகைச்சுவையாளரின் வாழ்க்கையை அவருடைய துணையே எழுதினால் எப்படி வாசிப்பது?

நடுப்பக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்து நகைச்சுவையாளர் பில்லி கானலியைப் பற்றி அவருடைய மனைவி பமேலா ஸ்டீவன்சன் எழுதி 2001இல் வெளிவந்த 'பில்லி' என்ற வாழ்க்கை வரலாற்றைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி அது. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பென்சிலால் கோடிட்டுக் கோடிட்டு வாசித்திருக்கிறார். பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் பக்கங்களில் கோடில்லாத பக்கமே இல்லை. கானலி புகழடைந்த பிறகு வரும் பக்கங்களில் கோடே இல்லை. என் வாசிப்பும் ஏறத்தாழ அப்படித்தான் அமைந்தது.

நூலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கானலி 1942இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை விமானப்படையில் பணியாற்றிப் பர்மாவில் இருந்த காலத்தில், நான்கு வயதுகூட நிறையாத பில்லியையும் அவருடைய அக்காவையும் விட்டுவிட்டுத் தாய் வீட்டை விட்டுப் போய்விட்டார். பார்ட்டிக் பகுதியில் இருந்த அத்தைகள் இருவர் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் அடித்தார். அடியைவிட மோசமாக, நாள்தோறும் இழிவுபடுத்தினார். போரிலிருந்து திரும்பிய தந்தை, பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை மகனைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது இந்த நூல்தான். பிறகு கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்புத் தொழிலாளியாக வேலை, பாஞ்சோ வாத்தியம், நாட்டுப்பாடல் குழு, பாட்டுக்கு நடுவே பேசிய பேச்சு பாட்டையே விழுங்கிவிட்டது, 1975இல் மைக்கேல் பார்க்கின்சன் நடத்திய தொலைக்காட்சி நேர்காணல் நிகழ்ச்சியில் தோன்றியதும் பிரிட்டன் முழுவதும் புகழ்.

என் சிக்கல் இதுதான். பமேலா மனைவி மட்டுமல்லர், உளவியல் படித்துப் பட்டம் பெற்று அந்தத் தொழிலையும் செய்தவர். கணவரின் நடத்தை ஒவ்வொன்றுக்கும் சிறுவயதில் ஒரு காரணத்தைக் காட்டிவிடுகிறார். குடித்தாரா, காரணம் அங்கே இருக்கிறது. மேடையில் ஆடைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கூத்தடித்தாரா, அதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. வாசிக்கும்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன், புத்தகத்தை மூடிய பிறகு, 'இவ்வளவு ஒழுங்காகக் கணக்குத் தீரும் வாழ்க்கை உண்டா?' என்ற ஐயம் எழுகிறது. அன்புள்ளவர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்? இன்னொன்று, அவருடைய பழைய மேடைப் பதிவுகளை இப்போது பார்த்தால் முன்போல் சிரிப்பு வரவில்லை. இது என் வாசிப்பின் குறையா, நூலின் விளைவா?


திண்ணைவாசி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நானும் இந்த நூலைப் படித்திருக்கிறேன். உங்கள் ஐயத்தின் முதல் பாதியை ஏற்கிறேன், இரண்டாம் பாதியை ஏற்கவில்லை.

நீங்கள் பமேலாவை மனைவி, உளவியலாளர் என்ற இரண்டு பேராகப் பார்க்கிறீர்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டீர்கள். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பமேலா, பிபிசியின் 'நாட் தி நைன் ஓ கிளாக் நியூஸ்' என்ற கேலி நிகழ்ச்சியில் ரோவன் அட்கின்சனோடு நடித்தவர். பின்னாளில் 'மிஸ்டர் பீன்' ஆக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துபோன அதே அட்கின்சன்தான். பமேலாவுக்கும் பில்லிக்கும் அறிமுகம் ஏற்பட்டதே அந்த நிகழ்ச்சியில்தான். ஆகவே கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என்ன வேலை, சிரிப்பு வராத இரவில் உடம்பு எப்படிக் கூசும் என்பதெல்லாம் அவருக்குக் கேட்டுத் தெரிந்தவை அல்ல. நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் உளவியலாளர் எழுதியவை அல்ல. தொழில் தெரிந்த சக நகைச்சுவையாளர் எழுதியவை.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். பள்ளி விளையாட்டு இடத்தில் சிறுவன் பில்லி மழைநீர்க் குட்டையில் விழுந்துவிடுகிறான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்பதால், கால்சட்டை ஊறினாலும் பரவாயில்லை என்று இன்னும் சற்று நேரம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் கேலியைத் தாங்கிக்கொள்ள மட்டுமே வழி இருந்த பிள்ளைக்கு, இங்கே கேலியைத் தானே கையிலெடுக்க முடிகிறது. அத்தை வீட்டையும் இந்தக் குட்டையையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவருக்கும் இது புரிந்துவிடும். உளவியல் பட்டம் தேவையில்லை.

'கணக்கு ஒழுங்காகத் தீருகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், எனக்கும் சில பக்கங்களில் எரிச்சல் வந்தது. ஆனால் எல்லாமே அப்படித் தீர்வதில்லை. தந்தையைப் பற்றிய உண்மையைப் பில்லி தன் மனைவியிடம் சொன்னதே தந்தை இறந்த பிறகுதான். தந்தை 1988இல் இறந்தார், நூல் 2001இல் வருகிறது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் எத்தனை முறை பேசப்பட்டிருக்கும், எத்தனை முறை பேசப்படாமல் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியாள் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நான்கு அமர்வுகளில் கேட்டிருந்தால் இது வந்திருக்காது. அவ்வளவு கொடுமைக்குப் பிறகும் தந்தையின் மேல் மகனுக்கு இருந்த பாசம் முழுதாகப் போய்விடவில்லை. அந்த முடிச்சைப் பமேலா அவிழ்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். நான் அவரை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

சிரிப்பு வரவில்லை என்பதைப் பற்றி: சிறிது நாள் பொறுங்கள், வரும். எனக்கு வந்தது. இயேசுவின் கடைசி இராவுணவு கலிலேயாவில் அல்ல, கிளாஸ்கோவின் கேலோகேட் பகுதியில் ஒரு மதுக்கடையில் நடந்தது என்று பில்லி விரித்துச் சொல்லும் கதையை நூலைப் படித்த பிறகு மீண்டும் கேட்டேன். கத்தோலிக்கப் பள்ளியில் அடி வாங்கியே வேதம் படித்த பிள்ளை, அந்த வேதத்தைத் தன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வருவது முன்பைவிட நன்றாகக் கேட்டது.


மூன்றாம் மணி எழுதியது:

இருவரும் மனைவி எழுதிய நூலைப் பற்றியே பேசுகிறீர்கள். கணவன் எழுதிய ஒரு நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அமெரிக்க நகைச்சுவையாளர் ஜார்ஜ் பர்ன்ஸ், தன் மனைவி கிரேசி ஆலனைப் பற்றி 1988இல் எழுதிய 'கிரேசி' என்ற நூலைச் சொல்கிறேன். மனைவி 1964இல் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, தொண்ணூறு வயதைக் கடந்தவர் எழுதியது.

இவர்கள் 1920களில் மேடையில் இணை சேர்ந்தபோது, சிரிப்பு வசனங்களைப் பர்ன்ஸ் தனக்கு வைத்துக்கொண்டார். கிரேசிக்கு வெறும் கேள்விகளைக் கொடுத்தார். கிரேசி கேள்வி கேட்டதும் கூட்டம் சிரித்தது. பர்ன்ஸ் பதில் சொன்னதும் அரங்கம் அமைதியானது. வேறொருவராக இருந்தால் இணையை மாற்றியிருப்பார். பர்ன்ஸ் வசனங்களை மாற்றினார். சிரிப்பையெல்லாம் அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் கேள்வி கேட்கிற ஆளாக நின்றுகொண்டார்; 1958இல் கிரேசி ஓய்வு பெறும் வரை அப்படியே நின்றார். தன் தோல்வியை இத்தனை சுவையாகச் சொல்கிறவரை நம்பாமல் இருப்பது கடினம். ஆனால் கவனியுங்கள், கேட்பவரை மயக்கும் கலையைத்தான் அவர் எழுபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்.

நம்பகத்தன்மைக்கு இந்த நூல் நல்ல உரைகல். தன் மனைவி எந்த ஆண்டில் பிறந்தார் என்பது பர்ன்ஸுக்கே உறுதியாகத் தெரியாது! கிரேசி தன் பிறந்த நாளை 1906 ஜூலை என்று சொல்லிவந்தார். சான்றிதழ் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் அழிந்துவிட்டதாம். நிலநடுக்கம் அதே ஆண்டு ஏப்ரலில் அல்லவா வந்தது என்று யாரோ கேட்டதற்கு, அது மிகப் பெரிய நிலநடுக்கம் என்று பதில் சொன்னாராம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர் பிறந்தது 1895. முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரை நம்பி ஆண்டு, தேதி குறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் வேறொன்று கிடைக்கிறது. கிரேசியின் ஒரு கையில் சிறுவயதில் சுட்டுக்கொண்ட தழும்பு இருந்தது. அதனால் வாழ்நாள் முழுவதும் முழுக்கை ஆடையே அணிந்தார். அது அவருடைய நாகரிகம் என்றே ரசிகர்கள் எண்ணினார்கள். ஒற்றைத் தலைவலி வாட்டியபோதும் மேடையில் அந்த அசட்டுப் பெண்ணாகத் துள்ளினார். ஊர் முழுவதும் அசடு என்று கொண்டாடிய அந்தப் பெண் பாத்திரம் என்பதையும், வீட்டில் இருந்தவர் கவனமும் பிடிவாதமும் கொண்ட நடிகை என்பதையும் பக்கத்தில் இருந்தவர்தான் சொல்ல முடியும்.

தன் குற்றத்தையும் பர்ன்ஸ் மறைக்கவில்லை. ஒருமுறை வேறொரு பெண்ணோடு தவறு செய்துவிட்டு, குற்றவுணர்வில் மனைவிக்கு உணவு மேசையின் நடுவில் வைக்கும் வெள்ளி அலங்காரப் பொருள் ஒன்றை வாங்கித் தந்தார். கிரேசி எதுவும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தோழி ஒருத்தியிடம், அவர் இன்னொரு முறை துரோகம் செய்தால் நன்றாக இருக்கும், புதிய அலங்காரப் பொருள் ஒன்று தேவைப்படுகிறது என்றாராம். இதை நான் முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, அந்தச் சில ஆண்டுகளில் கிரேசியின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கண்டேன். அந்த இடத்தைக் கணவர் நகைச்சுவையால் மூடிவிட்டுப் போகிறார். துணை எழுதும் நூலில் எங்கே நன்றாகச் சிரிக்கிறோமோ அங்கே ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பது நல்லது. 'பில்லி' நூலைப் பொறுத்தவரை, சிரிப்புக்குப் பதிலாக விளக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.


திண்ணைவாசி எழுதியது:

மூன்றாம் மணி அவர்களுக்கு நன்றி. 1996இல் நூறு வயதில் பர்ன்ஸ் இறந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறையில் கிரேசியின் பெயரை முதலிலும் தன் பெயரை இரண்டாவதாகவும் பொறித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். விளம்பரப் பலகையில் யார் பெயர் முதலில் என்று சண்டையிடும் தொழிலில் இருந்தவர்கள் அவர்கள்.


வடக்குவீதி எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். நீங்கள் மூவரும் துணையின் அருகாமையை வியக்கிறீர்கள். அந்த அருகாமையில் யாருக்கு இடமில்லாமல் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. பில்லி கானலி 1989இல் ஃபிஜித் தீவில் பமேலாவை மணப்பதற்கு முன், 1969இல் நடந்த முதல் திருமணம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பிள்ளைகளும் உண்டு. குடி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் உடன் இருந்தவர் அந்த முதல் மனைவி. அவருடைய தரப்பை நாம் யாரிடமிருந்து கேட்கிறோம்? அவருக்கு அடுத்து வந்தவரிடமிருந்து. எழுதுகிறவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், குடிகாரனை முந்தையவர் கையிலிருந்து வாங்கி, குடியை விட்டவனாக நமக்குக் காட்டும் கதை அது. பில்லி 1985இன் இறுதியில் குடியை நிறுத்தினார் என்பது உண்மை. அந்த உண்மை கதையில் எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் டோனி ஹான்காக் 1968 ஜூனில் சிட்னியில் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 44 வயது. அடுத்த ஆண்டே அவருடைய இரண்டாவது மனைவி ஃப்ரெடி ஹான்காக், டேவிட் நேதன் என்பவரோடு சேர்ந்து வரலாற்றை எழுதினார். அவர் மனைவியாவதற்கு முன்பே ஹான்காக்கின் விளம்பரப் பணிகளைப் பார்த்துவந்தவர். இரண்டாவது கை ஒன்று உடன் இருந்ததால், வீட்டுக்கதை எது, தொழிற்கதை எது என்று பிரித்துப் பார்க்க ஓரளவு வழி இருக்கிறது. பமேலாவின் நூலுக்கு அப்படியொரு கை இருந்திருந்தால் நடுப்பக்கம் அவர்களுக்கு இந்த ஐயமே வந்திருக்காது. நூல் மோசம் என்று சொல்லவில்லை. அதற்குப் பரிசும் கிடைத்தது, பெருமளவில் விற்கவும் செய்தது. ஆனால் அதை ஒரு தரப்பின் வாக்குமூலமாக வாசிக்க வேண்டும்.


நடுப்பக்கம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வடக்குவீதி சொன்ன முதல் மனைவியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் பிரதியில் அந்தப் பக்கங்களில் பென்சில் கோடும் இல்லை.

உங்கள் பதில்களைப் படித்த பிறகு இரண்டு வேலைகள் செய்தேன். 2021இல் பில்லி தன் வாழ்க்கையைத் தானே சொன்ன நூலை வாங்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கின்சன் நோய் காரணமாகக் கையால் எழுத முடியாத நிலையில் வாய்மொழியாகச் சொல்லி உருவான நூல் அது. அதே அத்தை வீட்டை மனைவி சொன்னதும் இருபது ஆண்டுகள் கழித்து அவரே சொன்னதும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 1975 பார்க்கின்சன் நிகழ்ச்சியின் பதிவைத் தேடிப் பார்த்தேன். மனைவியைக் கொன்று புதைத்த ஒருவன், மிதிவண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று உடலில் ஒரு பாகத்தை மட்டும் மண்ணுக்கு மேலே விட்டுவைத்த கதையைச் சொல்லித்தான் அவர் அன்று நாடு முழுவதும் பேசப்பட்டார். அந்த ஆளின் வாழ்க்கையைப் பின்னாளில் ஒரு மனைவி எழுதினார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, 'என்ன, தனியாகச் சிரிக்கிறீர்கள்?' என்று கேட்டார். கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.