பால்கனி உரவாளியில் நாற்றமும் புழுவும்: கொட்டிவிட வேண்டுமா?

கறிவேப்பிலைச் செடி, ஆயர் ஈத்தாம்

வணக்கம். அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடியில் நால்வர் வசிக்கிறோம். பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டியிருப்பதால் தாளும் புட்டியும் தனியே போய்விடுகின்றன, எஞ்சுவது ஈரக்கழிவுதான். அதை உரமாக்கிக் குறைக்க எண்ணி, ஐந்து வாரங்களுக்கு முன் 60 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் துளையிட்டு, அடியில் தட்டு வைத்து, காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை, சில நாள்களில் மிஞ்சிய சோறும் சாம்பாரும் போட்டுவந்தேன். இரண்டு வாரம் தொந்தரவில்லை. இப்போது மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது, தட்டில் பழுப்பு நீர் தேங்குகிறது, தட்டையான புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிகின்றன. பக்கத்து வீட்டம்மா நேற்று கதவைத் தட்டிக் கேட்டேவிட்டார். இதைச் சரிசெய்ய முடியுமா?

மாடித்தோட்டம், ஜெலுத்தோங்

கொட்ட வேண்டாம், அக்கா. நீங்கள் எழுதிய பட்டியலில் காய்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. ஈரக்கழிவு தன் பாரத்தாலேயே அமுங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த முட்டை வாடை. (மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடியாக இருந்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுந்துவிட்டது என்று பொருள், மருந்து இரண்டுக்கும் காய்ந்த பொருள்தான்.) தழைச்சத்து ஒரு பங்கென்றால், காய்ந்த பொருளில் மிகுந்திருக்கும் கரிச்சத்து (கார்பன்) ஏறத்தாழ 30 பங்கு இருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் சமையலறையில் யார் கணக்குப் பார்ப்பது? ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு பழைய தாளில் கொட்டி, கிழித்த முட்டை அட்டை, தென்னை நார்த்தூள், சாலையோர அங்சானா மரத்தின் சருகு ஆகியவற்றைக் கலந்து மீண்டும் நிரப்புங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் கசிய வேண்டும். ஒழுகினால் அட்டை போதவில்லை. சாம்பாரை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் எண்ணெய் படிந்த இடத்தில் காற்று புகாது.

பழைய தோட்டக்காரன், பட்டர்வொர்த்

அந்தப் புழுக்களைக் கொல்லாதீர்கள், அம்மா. தட்டையாக, தோல் தடித்து, விரற்கடை நீளமிருந்தால் அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள்; வீட்டு ஈயின் புழு உருண்டு, வழுவழுப்பாக, ஒரு முனை கூராக இருக்கும். இந்த ஈ கடிப்பதில்லை, நம் சாப்பாட்டின்மேல் வந்து மொய்ப்பதும் இல்லை. ஆனால் புழு முதிர்ந்ததும் கறுத்து, காய்ந்த இடம் தேடி வாளியைவிட்டு வெளியே ஊரும். பக்கத்து வீட்டம்மாவின் பால்கனிக்கு ஒன்று போனால் போதும், உங்கள் உரக்கதை அன்றோடு முடிந்தது! துளைகளின் உட்புறம் நுண்ணிய வலையை ஒட்டிவிடுங்கள்.

புழுவைவிட எனக்கு அந்தத் தட்டுதான் கவலை. மழைச்சாரலும் அதில் சேர்ந்தால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதுபோல் ஆகிவிடும், ஆகவே தினமும் கொட்டிக் கழுவுங்கள். நாறும் அந்த நீரைக் கீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

சோற்றைப் பற்றித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. வாளிக்குள் போவதா என்று கேட்பதற்கு முன், ஏன் மிஞ்சுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் மிச்சத்தைக் குவளையால் அளந்த பிறகு, அரிசியில் அரைக் குவளையைக் குறைத்துவிட்டோம்.

கறிவேப்பிலைச் செடி, ஆயர் ஈத்தாம்

இருவருக்கும் நன்றி. பதினாறு நாள்கள் ஆகின்றன. வாளியைக் கொட்டியபோது நடுவில் தேங்காய்ச் சக்கை அடைபோல் கட்டிப் போயிருந்தது. அதைப் பிளந்தபோதுதான் அந்த வாடை மொத்தமும் கிளம்பியது. இப்போது சக்கையை உதிர்த்து, அட்டையோடு பிசறிய பிறகே போடுகிறேன். நான்காம் நாளே வாடை தணிந்தது, தட்டும் ஏறக்குறைய காய்ந்தே கிடக்கிறது. அரிசியையும் குறைத்தேன், மாமியார் முகம் கோணினாலும். அடியில் கறுத்துப் பொலபொலவென்று இருப்பதை இப்போதே செடிக்குப் போடலாமா?

மாடித்தோட்டம், ஜெலுத்தோங்

பொறுங்கள், அக்கா. அதைத் தனியே எடுத்து, நிழலில் நான்கு வாரம் ஆற விடுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் நிரப்பிப் பத்துப் பச்சைப்பயற்றை ஊன்றிப் பாருங்கள். எட்டு ஒன்பது முளைத்துப் பச்சையாக நின்றால் மண்ணோடு கலந்து போடலாம். முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும்.