முதலீட்டு வங்கிகளின் பன்முகத்தன்மைப் பயிற்சிகளுக்கு எனக்குத் தகுதி உண்டா? (லண்டன், முதலாம் ஆண்டு)

ஈஸ்ட்ஹாம் மாணவி கேட்டது:

அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனில் மூன்று ஆண்டுக் கணிதப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டில் படிக்கிறேன். முதலீட்டு வங்கிகள் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடத்தும் ஸ்பிரிங் வீக் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். பொது விண்ணப்பத்தில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் அதே பக்கத்தில் பெண்களுக்கு, கறுப்பின மாணவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, வசதி குறைந்த குடும்பங்களில் இருந்து வருபவர்களுக்கு என்று தனித்தனிப் பயிற்சிகளும் இருக்கின்றன. அவற்றுள் எதற்கு நான் விண்ணப்பிக்கலாம் என்பது புரியவில்லை.

அப்பா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்றவர். இங்கே அந்தப் பட்டத்தை எவரும் கணக்கில் எடுக்காததால் பெற்றோல் நிலையத்தில் இரவுக் கசியர் வேலைக்குப் போனார்; இன்றும் அங்கேதான் இருக்கிறார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் பகுதிநேரப் பராமரிப்பு உதவியாளர். நான் 16 வயது வரை வீட்டுக்கு அருகிலுள்ள அரச பாடசாலையில் படித்துவிட்டு, ஏ லெவலுக்கு மட்டும் முழு உதவித்தொகையுடன் ஒரு தனியார் பாடசாலைக்குப் போனேன். ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு இலவசமாகக் கிடைத்தது.

இங்கே வந்து பட்டம் படிக்கும் முதல் ஆள் நான்தான் என்பதால், 'குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்பவரா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதலாமா? தனியார் பாடசாலையில் படித்த இரண்டு ஆண்டுகள் என் தகுதியைக் கெடுத்துவிடுமா? இனம் என்ற இடத்தில் 'இந்தியர்' என்று குறிப்பதா, வேறேதாவதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. மூத்த பெரியப்பா, இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலால் மருத்துவபீட இடத்தை இழந்தவர். "இனம் கேட்கிற படிவம் எங்களுக்கு எந்தக் காலத்தில் நன்மை செய்தது?" என்று அப்பா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

கனேரி வோர்ஃப் வாசி எழுதியது:

தங்கை, நான் இங்குள்ள வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். மாணவர் தேர்வில் பல ஆண்டுகளாக நேர்காணல் செய்பவர்களில் நானும் ஒருவன். முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும்: இவ்வளவு யோசித்த நீங்கள், நீங்கள் ஒரு பெண் என்பதையே மறந்துவிட்டீர்கள். பெண்களுக்கான பயிற்சிகளுக்கு உங்கள் பாடசாலையும் அப்பாவின் பட்டமும் தேவையே இல்லை. அவற்றை இன்றைக்கே நிரப்பத் தொடங்குங்கள். பல வங்கிகள் இறுதித் திகதி வரை காத்திருக்காமல், வருகிற வரிசையிலேயே விண்ணப்பங்களைப் பார்த்து இடங்களை நிரப்பிவிடுகின்றன.

மற்றவை பற்றிய உங்கள் குழப்பத்துக்குக் காரணம், விண்ணப்பத்தில் வருகிற மூன்று வகைக் கேள்விகளை ஒன்றாகப் பார்ப்பதுதான். ஒன்று, பயிற்சியின் விளம்பரத்திலேயே எழுதப்பட்டிருக்கும் தகுதி நிபந்தனை. அதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது, உங்கள் மதிப்பெண்களை நீங்கள் படித்த பாடசாலையின் நிலையோடும் குடும்பச் சூழலோடும் சேர்த்துப் பார்ப்பதற்காகக் கேட்கப்படும் பின்னணிக் கேள்விகள். மூன்றாவது, கடைசிப் பக்கத்தில் வரும் கண்காணிப்புப் படிவம். இனத்துக்கான பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை நிரப்புவது உங்கள் விருப்பம், நேர்காணல் செய்யும் என் போன்றவர்களின் கைக்கு அது வருவதில்லை. அதில் நீங்கள் குறிக்கவேண்டியது 'வேறு ஆசியப் பின்னணி'. 2021 குடிசன மதிப்பீட்டில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று பெட்டிகள் இருந்தன, இலங்கையருக்கென்று தனிப்பெட்டி இருக்கவில்லை. வங்கிகளின் படிவங்களும் ஏறக்குறைய அதே பட்டியலைப் பின்பற்றுபவைதான்.

அப்பாவின் பட்டத்தைப் பொறுத்தவரை, எந்த நாட்டில் பெற்றாலும் பட்டம் பட்டம்தான். 'பெற்றோரில் ஒருவராவது பட்டம் பெற்றவரா' என்ற கேள்விக்கு உங்கள் பதில் ஆம். ஆகவே 'முதல் தலைமுறை' என்ற பெட்டி உங்களுக்கு இல்லை. இங்கே மதிக்கப்படாத பட்டத்தை ஏன் சொல்லவேண்டும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் பொய்யான பதில் பின்னால் தெரியவந்தால் கொடுத்த இடத்தை வங்கி திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

தனியார் பாடசாலை பற்றிக் கவலை வேண்டாம். அரசின் ஆலோசனை அமைப்பான சமூக நகர்வு ஆணைக்குழு (Social Mobility Commission) வேலை வழங்குநர்களுக்குப் பரிந்துரைத்துள்ள கேள்வி, 11 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில் அதிக காலம் எவ்வகைப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதுதான். உங்கள் ஏ லெவல் காலம் அந்தக் கணக்குக்குள் வராது. சில நிறுவனங்கள் தம் விருப்பப்படி கேள்வியை மாற்றி எழுதுவதால், ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு இரண்டு முறை வாசியுங்கள்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போவது இன்னொரு கேள்வி. அதே ஆணைக்குழு எல்லாவற்றிலும் முக்கியமானது என்று சொல்வதும் அதைத்தான்: உங்களுக்கு ஏறத்தாழ 14 வயதாக இருந்தபோது, வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை செய்தார்? என்ன படித்திருந்தார் என்பதல்ல, என்ன வேலை செய்தார் என்பதே கேள்வி. கடை உதவியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், பாரவூர்திச் சாரதி போன்றவர்களின் பிள்ளைகள் தாழ்ந்த சமூகப் பொருளாதாரப் பின்னணி என்ற வகுப்புக்குள் வருகிறார்கள். இரவு முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்கும் வேலையும் அதற்குள்தான். சிறு கடைக்குச் சொந்தக்காரர் என்றால் அது இடைநிலை வகுப்பு. முகாமையாளர் என்றால், சில்லறைக் கடை முகாமையாளராக இருந்தாலும், கணக்காளரும் வழக்கறிஞரும் இருக்கும் மேல் வகுப்பில் போய் நிற்பார். எங்கள் ஆட்கள் சறுக்குகிற இடம் இதுதான். ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லும் பதவிப் பெயரைப் படிவத்திலும் எழுதிவிடுகிறார்கள்.

வங்கிகளைத் தவிர எஸ்.இ.ஓ. லண்டன் என்ற தொண்டு நிறுவனத்தையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் அது, சிறுபான்மை இனத்தவரையோ வசதி குறைந்த பின்னணியினரையோ தயார்ப்படுத்தி வங்கிகளோடு இணைத்துவிடுகிறது. கறுப்பின மாணவர்களுக்கென்று விளம்பரப்படுத்தப்படும் பயிற்சிகள் உங்களுக்கு உரியவை அல்ல.

பரிஸ்டர் மாமா எழுதியது:

மகள், உங்கள் அப்பாவின் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தை நானும் கண்டவன். 1970–71 அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வெட்டுப்புள்ளியாக இருந்தன. அது தெரிவு நடக்கிற இடத்திலேயே, மொழியைப் பார்த்து, ஒரு சாராருக்குத் தடையை உயர்த்திய ஏற்பாடு.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அத்தகைய ஏற்பாட்டை அனுமதிப்பதில்லை. அதன் 158ஆம் பிரிவு, ஒரு துறையில் ஒரு பிரிவினரின் பங்கேற்பு அளவுக்கு மீறிக் குறைவாக இருப்பதாகவோ அவர்கள் பின்னடைவை எதிர்கொள்வதாகவோ நியாயமாகக் கருத இடமிருந்தால், அவர்களை ஊக்குவிக்கவும் பயிற்றுவிக்கவும் நிறுவனம் அளவோடு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. வங்கியைச் சுற்றிக்காட்டும் அறிமுக நாட்களும் பயிலரங்குகளும் நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் கட்டத்துக்கு 159ஆம் பிரிவு: இரண்டு பேர் சமமான தகுதி உடையவர்களாக இருந்தால் மட்டுமே குறைந்த பங்கேற்புள்ள பிரிவினரைத் தெரிவுசெய்யலாம், அதையும் ஒரு நிரந்தர விதியாக வைத்துக்கொள்ள முடியாது. தகுதி குறைந்தவரை இனத்துக்காக எடுத்தால் அது சட்டவிரோதம்.

இதில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் சலுகை அளிப்பதை, மாற்றுத்திறன் அற்ற ஒருவர் பாகுபாடு என்று வாதாட முடியாது. வர்க்கமோ அந்தச் சட்டம் பாதுகாக்கும் ஒன்பது இயல்புகளில் ஒன்றே அல்ல. ஆகவே பெற்றோரின் தொழிலைப் பார்த்து இடம் ஒதுக்க நிறுவனத்துக்கு இந்தத் தடைகள் கிடையா. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், உங்களுக்குப் பொருந்தும் கதவு இனத்தின் பெயரால் திறப்பதல்ல. அவர் விழித்திருந்து உழைத்த இரவுகளின் பெயரால் திறப்பது.

நியூஹாம் பெடியன் எழுதியது:

ஒரு சிறிய எச்சரிக்கை. நானும் ஈஸ்ட்ஹாம்தான். 'இலவசப் பாடசாலை உணவுக்குத் தகுதி பெற்றிருந்தீர்களா' என்ற கேள்விக்கு முதலாம் ஆண்டில் ஆம் என்று எழுதிவிட்டு, பிறகு அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் பகுதி நிர்வாகமான நியூஹாம் கவுன்சில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருமானம் பாராமல் சாப்பாடு கொடுத்தது. என்னோடு படித்த மருத்துவரின் மகனும் அதே வரிசையில் நின்று அதே பீன்ஸைத்தான் சாப்பிட்டான். படிவம் கேட்பது வருமானத்தின் அடிப்படையில் கிடைத்த உணவைப் பற்றி. 2018 ஏப்ரலில் இருந்து நாம் படித்த காலத்தில், யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான அரச உதவி) பெறும் குடும்பம் என்றால், ஆண்டுக்கு உழைத்துப் பெறும் வருமானம் 7,400 பவுண்டுக்கு மேல் போகாமல் இருக்கவேண்டும் என்பது விதியாக இருந்தது. செகண்டரியிலும் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருந்தால் ஆம் என்று எழுதலாம். ஆரம்பப் பாடசாலையில் மட்டும்தான் என்றால், அநேகமாக இல்லை.

நியூஜெர்சி அக்கா எழுதியது:

அமெரிக்க வங்கிகளின் பக்கங்களையும் பார்ப்பீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்: இங்கே நிலைமை வேறு. பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருதுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தது. அது நேரடியாக வேலை வழங்குநர்களைப் பற்றியது அல்ல. இருந்தும் அதே ஆகஸ்டில், மாணவர்களுக்கான பன்முகத்தன்மைப் பயிற்சி நடத்திய இரண்டு பெரிய சட்ட நிறுவனங்கள் மீது, 1866ஆம் ஆண்டுச் சிவில் உரிமைகள் சட்டத்தில் இருந்து வந்த ஒரு விதியின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவை தகுதி நிபந்தனையைத் திருத்தி எல்லாருக்கும் திறந்துவிட்டன. வங்கிகளும் அந்த வழியில் சொற்களை மாற்றின. 'இன்னார் மட்டும்' என்று முன்பு இருந்த இடத்தில் இப்போது 'எவரும் விண்ணப்பிக்கலாம்' என்று இருப்பதைக் காணலாம். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதி வைத்த பட்டியலை நம்பி, தகுதி இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்த ஆண்டின் பக்கத்தை வாசியுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மாணவி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. செகண்டரியில் எங்களுக்கு இலவச உணவு இருக்கவில்லை. அம்மா வாரம்தோறும் கணக்கில் காசு போட்டது நினைவிருக்கிறது. எனவே அந்தக் கேள்விக்கு இல்லை என்றே எழுதுகிறேன்.

நேற்று இரவு அப்பா வேலைக்குப் புறப்படும்போது, படிவத்துக்கு அவருடைய தொழிலைக் கேட்டேன். சட்டைப்பையில் இருந்த பெயர்த்தகட்டை எடுத்துக் காட்டி "மனேஜர் என்று எழுது" என்றார். கனேரி வோர்ஃப் அண்ணா சொன்னதை நினைத்து எனக்குத் திக்கென்றது. அந்தத் தகடு எப்போது கிடைத்தது என்று கேட்டதற்கு, உன்னுடைய ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறு வந்த மாதம் என்றார். அப்போது எனக்கு 16 வயது. 14 வயதில் அவர் என்னவாக இருந்தார் என்று எழுதுவது?

கனேரி வோர்ஃப் வாசி எழுதியது:

கசியர், இரவு வேலை. அப்படியே எழுதுங்கள். அந்த ஆண்டின் சம்பளத் துண்டு ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம் மாணவி எழுதியது:

அலுமாரியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் கிடைத்தது, அண்ணா. 'இரவு நேர விற்பனை உதவியாளர்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. இரண்டு படிவங்களை அனுப்பிவிட்டேன்.