கறுப்பு வெள்ளையில் சிலை பார்த்த அனுபவம் உங்களுக்கும் உண்டா?

1987இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண வீடு, அவ்வளவுதான் தொழில். முதலாளி அண்ணாச்சி இளவயதில் மெட்ராஸ் போய் எடுத்த உழைப்பாளர் சிலை நெகட்டிவ் மூன்று வைத்திருந்தார். வேலையில்லாத மத்தியானங்களில் அதைத்தான் பிரிண்ட் போட்டுப் பழகச் சொல்வார்.

மூன்றுமே சாலைப் பக்கம் நின்று எடுத்தவை. விடிகாலைப் படத்தில் சூரியன் கடல் பக்கம், சிலைக்குப் பின்னால். நாலு ஆளும் பாறையும் ஒரே கரிக்கட்டையாக ஒட்டிக்கிடப்பார்கள். உச்சி வெயிலில் தோள் வெளுத்துப்போகும், முகம் இருண்டுவிடும். சாயங்காலப் படத்தில்தான் ஒவ்வொரு நரம்பும் தசையும் தனியே எழும்பும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் திறக்கப்பட்ட அந்த வெண்கலச் சிலையைப் பல வருஷம் கழித்து நேரில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம். டெவலப்பர் டிரேயில், சிவப்பு விளக்கில், மெல்ல எழுந்து வந்த சிலைதான் எனக்குச் சிலை.

ஒருநாள் நெகட்டிவைத் துடைக்காமல் போட்டுவிட்டேன். "ஏல, தொழிலாளிக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார் அண்ணாச்சி. வெள்ளைப் புள்ளிகளைப் பிரஷ்ஷில் மை தொட்டு அடைத்தே அன்றைய பொழுது போனது.

அந்தக் கண்ணோடு பிற்பாடு பிரான்குசியின் படங்களைப் பார்த்தபோது திகைத்துப்போனேன். ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சிற்பி. அடுத்தவர் எடுக்கும் படங்கள் பிடிக்காமல், தன் சிற்பங்களைத் தானே எடுத்தவர். கேமராவுக்கும் இருட்டறைக்கும் மேன் ரே என்ற புகைப்படக் கலைஞர் உதவியிருக்கிறார். ஃபோகஸ் நழுவியிருக்கும், தூசி, கீறல் எல்லாம் இருக்கும். மெருகேற்றிய வெண்கலத்தில் வெளிச்சம் பட்டுத் தெறித்து உருவத்தின் ஓரமே கரைந்திருக்கும். அண்ணாச்சி பார்த்தால் கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் பிரான்குசி செய்த பறவைச் சிற்பத்தின் கனம் போய் அது மேலே எழும்புவது போலத் தெரிவது அந்தத் தெறிப்பால்தான். நாங்கள் கழிசல் என்று ஒதுக்கியதை அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை ஸ்டைகன் என்ற புகைப்படக்காரர் 1908இல் நிலா வெளிச்சத்தில் எடுத்தார் என்று படித்தபின் எனக்கும் கை துறுதுறுத்தது. கல்லிடைக்குறிச்சியில் டிராயிங் மாஸ்டராக இருந்த மச்சான், வீட்டுப் பின்புறம் சிமெண்டில் ஒரு குனிந்த பெண்ணுருவம் செய்து வைத்திருந்தார். பௌர்ணமி இரவு, நூறு ஸ்பீடு ஃபிலிம், ஷட்டரை இருபத்தைந்து நிமிஷம் திறந்துவைத்தேன். மங்கல் வெளிச்சத்தில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும், கணக்குக்கு மேலேயே நேரம் கொடுக்க வேண்டும். கொசுக்கடி சொல்லி மாளாது. நடுவில் ஒரு நாய் வந்து சிலையைச் சுற்றிவிட்டுப் போனது, படத்தில் அதன் அடையாளமே இல்லை. ஆடிய தென்னோலை நிழல் புகையாகப் படிந்து, சிமெண்டு ஈர மண் மாதிரி ஆகியிருந்தது.

தூசிப் புள்ளிகளோடே அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தார்.

*

உங்கள் கேள்விக்குப் பதிலாக, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறேன். ரயில்வேயில் வேலை பார்த்த எங்கள் மாமா சாந்திநிகேதன் போனபோது எடுத்த படம் ஒன்று வீட்டில் உண்டு. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த, சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் சிலை. சிமெண்டும் சரளையும் கலந்து செய்தது. அந்தச் சொரசொரப்பு கறுப்பு வெள்ளையில் கையில் உறுத்துகிற மாதிரி இருக்கும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, கூடவே ஒரு நாய், தட்டுமுட்டுச் சாமானோடு நடந்துபோகிறார்கள். எங்கள் ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக் கேட்டாள்: "யாருடே இது, மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறாவளா?"