பதவிப் பாதீடு: ஒரு சொல்லை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். தேர்தலில் வென்ற கட்சி தனக்கு உழைத்தவர்களுக்கு அரசுப் பதவிகளைக் கொடுப்பதை அமெரிக்காவில் spoils system என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒரு நண்பர் எழுதியது இது:

> 'புரவலர் முறை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். புரவலர் என்றதும் பாரியும் குமணனும் நினைவுக்கு வருவார்கள். பாணனுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள், கைம்மாறு கேட்காதவர்கள். அமெரிக்கக் கட்சிகள் அரசுப் பதவிகளைக் கொடுத்தது அந்தக் கணக்கில் இல்லை. ஏற்கெனவே தேர்தலில் உழைத்தவனுக்கு அது கூலி. அடுத்த தேர்தலிலும் உழைக்க வேண்டும். பல ஊர்களில் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்கும் கட்ட வேண்டியிருந்தது.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வருவது நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கிராமத்து அஞ்சலகம். நான்காம் வகுப்பு அஞ்சலகம் என்றால் பெரும்பாலும் மளிகைக் கடையில் ஒரு மூலைதான், கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். வருமானம் சொற்பம், ஆனால் கடிதம் வாங்க வருகிறவர் கையோடு காப்பித்தூளும் வாங்கிப் போவார். வாஷிங்டனில் ஆட்சி மாறினால், கடிதங்களைப் பிரித்துவைக்கும் மரத்தட்டு அதுவரை எதிர்க்கட்சிக்காரராக இருந்தவரின் கடைக்கு இடம்பெயரும். யாருக்கு என்பதை, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருக்கும் ஆளுங்கட்சி உறுப்பினர் சொல்வார். 1883ஆம் ஆண்டு பெண்டில்டன் சட்டம் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தும் இந்தப் போஸ்ட்மாஸ்டர்கள் அதற்கு வெளியேதான் இருந்தார்கள். 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கிலும் மிசிசிப்பிக்குக் கிழக்கிலும் இருந்தவர்களை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். 1912இல் அடுத்த அதிபர் டாஃப்ட் மற்றவர்களையும் சேர்த்தார். அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் வில்சன் அதிபராக வந்ததும், அஞ்சல்துறைத் தலைவர் பர்ல்சன் இந்தப் பதவிகளைக் காங்கிரஸ் உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டப் பயன்படுத்தினார்.

'கொள்ளை முறை' என்ற இன்னொரு யோசனைக்கு அடிப்படை இருக்கிறது. 1832இல் வில்லியம் மார்சி செனட்டில், எதிரியிடம் கைப்பற்றியது வென்றவனுக்கே என்று பேசியதிலிருந்துதான் ஆங்கிலப் பெயர் வந்தது. ஆனால் இன்று கொள்ளை என்றால் நகைக்கடைக் கொள்ளைதான். இவை சட்டப்படி நடந்த நியமனங்கள்.

தொல்காப்பியத்தில், பகைவரின் மாடுகளைக் கவர்வதைப் பற்றிய வெட்சித் திணையின் துறைகளில் 'பாதீடு' இருக்கிறது: கவர்ந்து வந்த ஆநிரையை (மாட்டு மந்தையை) உடன்வந்தவர்களுக்குப் பங்கிடுவது. வாளெடுத்தவனுக்கு மட்டுமல்ல, ஒற்றறிந்து வந்தவனுக்கும் நிமித்தம் சொன்னவனுக்கும் பங்கு உண்டு என்று பிற்கால இலக்கணம் விரிக்கிறது. வாக்குச் சேகரித்தவன், வீடுவீடாக ஆள் எண்ணி வந்தவன், மேடையில் முழங்கியவன் என்று எல்லாருக்கும் வேலை கிடைத்ததை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரியவில்லை.

இலங்கை நண்பர்கள் மறுப்பார்கள் என்று தெரியும். அங்கே பாதீடு என்றால் வரவுசெலவுத் திட்டம். அதனால்தான் தனிச்சொல்லாக விடாமல் 'பதவிப் பாதீடு' என்று கூட்டியிருக்கிறேன். அப்படியும் குழப்பம் வருமென்றால் சொல்லுங்கள், 'பதவிப் பங்கீடு' என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு எதிரானது merit system, அதாவது தேர்வெழுதி வேலை பெறும் முறை. அதற்கு 'தகுதிமுறை' வேண்டாம் என்பது என் கட்சி. 1913இல் வெளியுறவுத்துறைத் தலைவர் பிரையன், டொமினிக்கன் குடியரசின் சுங்கத்தைக் கவனித்த அமெரிக்க அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், 'தகுதியுள்ள' ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். அவர் சொன்ன தகுதி கட்சிக்கு உழைத்த தகுதி. இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடும் சொல்லை ஒரு பக்கத்துக்குப் பெயராக வைத்தால், அந்தக் கடிதத்தை மொழிபெயர்க்கும்போதே தடுமாறுவோம். 'தேர்வுமுறை நியமனம்' எப்படி இருக்கிறது?