வீட்டு விசேஷத்தில் எந்தத் தட்டு முதலில் காலியாகிறது? – அனுபவப் பகிர்வு

மொட்டைமாடி

அடுத்த மாதம் பெண்ணுக்கு ஐந்தாவது பிறந்தநாள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் வைக்கிறோம். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாம் சேர்த்து 30 பேர் வருவார்கள். கேக் வெட்டுவது 6 மணிக்கு. சாப்பாடு 8 மணிக்கு மேல்தான், அதை வெளியில் சொல்லியாகிவிட்டது. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்றுதான் மண்டையைக் குடைகிறது. எல்லாரையும் உட்கார வைக்க மாடியில் இடமில்லை. நின்றபடி, பேசியபடி, கையிலேயே எடுத்துச் சாப்பிடுகிற பலகாரமாக இருக்க வேண்டும். சைவம் மட்டும்.

செய்முறை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலோ, நீங்கள் போன வீட்டிலோ எதை ஓடி வந்து எடுத்தார்கள், எது தட்டிலேயே கிடந்து காய்ந்தது, யார் கடைசிவரை அடுப்படியிலேயே மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். வேலை செய்ய நானும் கணவரும் மட்டும்தான். மாமியாரை அடுப்புப் பக்கம் விடுவதாக இல்லை, அவரே ஆசைப்பட்டாலும்.

சேலத்துக்காரி

எங்கள் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தட்டுவடை செட் போடுங்கள்.

சேலத்தில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகளில் இதுதான் ஓடும். சின்னத் தட்டுவடை, அதாவது மொறுமொறு தட்டை, ஒன்று. அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் கொத்தமல்லி. மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினால் ஒரு செட். மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவலும் சேரும். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து கொடுத்தால் நொறுக்கல்.

என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாயங்காலம் வந்தவர்களுக்கு இதைத்தான் வைத்தார்கள். செட்டை முன்னாலேயே கட்டித் தட்டில் அடுக்கவில்லை. ஒரு மேசையில் தட்டுவடை ஒரு டப்பாவில், காய்த் துருவல்கள் கிண்ணங்களில், இரண்டு சட்னி, பிழிய எலுமிச்சை. அவரவர் வந்து கட்டிக்கொள்ள வேண்டியதுதான். குழந்தைகள் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை. பீட்ரூட்டைக் கண்ணால் பார்த்தாலே ஓடுவான் என்று ஒரு பையனின் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயெல்லாம் சிவப்பாக அடுத்த செட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அடுப்பு வேலை சுத்தமாகக் கிடையாது. தட்டுவடை கடையில் வாங்குவது. காய் துருவுவது மதியமே முடிந்துவிடும். ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். பீட்ரூட்டைத் துருவியதும் கையால் நன்றாகப் பிழிந்துவிடுங்கள், கேரட்டையும்தான். உப்பை முன்னாலேயே சேர்க்காதீர்கள், தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். சட்னி கரண்டியிலிருந்து தானாக விழாத பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டு, உப்போடு அரைத்தால் சிவப்பு. குழந்தைகளுக்கு அதில் தக்காளி வதக்கிச் சேர்த்துக் காரத்தைக் குறையுங்கள். கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு பச்சை. இரண்டிலும் தேங்காய் கிடையாது, அதனால் மாடியில் புழுக்கத்தில் இருந்தாலும் சீக்கிரம் ஊசிப்போகாது.

தட்டுவடை ஒரே வாயில் அடங்குகிற அளவில் இருக்கட்டும். பெரியதை வாங்கினால் கடிக்கும்போது மறுபாதி சட்டையில்தான் விழும்.

கரண்டி

சமையல் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா எல்லாவற்றுக்கும் போடுவதால் தட்டு திரும்பி வருவதைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. பிறகு சாப்பாடு இருக்கிறது என்றால் ஆளுக்கு எல்லாப் பலகாரமும் சேர்த்து 5, 6 உருப்படி போதும். சாப்பாடே கிடையாது, இதுதான் எல்லாம் என்றால் 10 முதல் 12 வரை போகும். உங்களுக்கு 30 பேர் என்றால் மொத்தம் 180. நான்கு வகைக்கு மேல் போகாதீர்கள். எட்டு வகை வைத்த வீடுகளில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சி, மறுநாள் வேலைக்காரம்மாவுக்குக் கட்டிக் கொடுத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கம்பெனியின் குடும்ப விழாவில் மினி இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து டூத்பிக்கில் குத்திக் கொடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் கைகழுவும் இடத்தில் நின்றார்கள். அதே மினி இட்லியை நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் போட்டுப் புரட்டி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து வைத்தால் ஆறின பிறகும் நன்றாக இருக்கும். சொட்டாது. வயதானவர்கள் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று ஒதுங்கும்போது கை அங்கேதான் போகும். இட்லியை நன்றாக ஆறவிட்டுப் புரட்டுங்கள். சூட்டோடு கிளறினால் உப்புமா ஆகிவிடும்.

கட்லெட் எல்லாரும் எடுப்பார்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கு, கால் கிலோ காய்கறி என்று போட்டால் சின்ன அளவில் 25 வரும். எண்ணெயில் பிரிகிறது என்று புலம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி வேகவைப்பவர்கள். உள்ளே தண்ணீர் ஏறிவிடுகிறது. தோலோடு முழுசாக வேகவைத்து, ஆறின பிறகு உரித்து மசியுங்கள். காயையும் வதக்கி ஈரம் போன பிறகு சேருங்கள். தட்டி, சோளமாவுக் கரைசலில் நனைத்து, ரஸ்க் தூளில் புரட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்த பிறகு பொரித்தால் பிரியாது. ரஸ்க் தூளுக்குப் பதில் நொறுக்கிய சேமியாவில் புரட்டினால் மொறுமொறுப்பு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். எண்ணெய் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், ஆனால் புகையக் கூடாது. ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறி, கட்லெட் எண்ணெய் குடித்துவிடும்.

பஜ்ஜி வேண்டாம். பஜ்ஜி போடுகிற வீட்டில் வீட்டுக்காரம்மாவைக் கேக் வெட்டுகிற போட்டோவில் பார்க்க முடியாது.

வைகைக்கரை

கரண்டி அண்ணே, பஜ்ஜி இல்லாமல் என்ன விசேஷம்? எங்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தெருமுனை டீக்கடை மாஸ்டரையே கூப்பிட்டுவிட்டோம். கேஸ் அடுப்பு, சட்டி, மாவு எல்லாம் நம்முடையது. மூன்று மணி நேரத்துக்குக் கூலி பேசி, மாடிப்படி பக்கத்தில் நிற்க வைத்தோம். வாழைக்காய், வெங்காயம், மிளகாய். ஈடு ஈடாக வந்தது, வந்த வேகத்தில் காலி. டிஷ்யூவில் எண்ணெயை ஒற்றிவிட்டு ஊதி ஊதிச் சாப்பிடுகிற சுகத்துக்கு முன்னால் ஆறின கட்லெட் எல்லாம் எந்த மூலைக்கு! வீட்டு ஆள் நிற்பதுதான் பிரச்சினை என்றால் வேறு ஆளை நிறுத்துங்கள்.

கரண்டி

ஆள் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள் தம்பி. குழந்தைகள் ஓடுகிற மாடியில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி வேண்டாம் என்பதற்காகவும் சொன்னேன்.

ஸ்காபரோ அக்கா

நான் கனடாவில் இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கட வீடுகளில் பிறந்தநாள் என்றால் ரோல்ஸ், பற்றிஸ் (காரமான சோமாசி மாதிரி), கட்லட் மூன்றும் இல்லாமல் நடக்காது. மண்டபத்தில் நடக்கிற சாமத்தியவீட்டுக்கு (மஞ்சள் நீராட்டுக்கு) போனாலும், ஆட்கள் வந்து இருந்த உடனே முதலில் வருவது அந்தத் தட்டுத்தான். இங்கே ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளில் ட்ரே கணக்கில் எடுக்கலாம். ஆனாலும் ரோல்ஸ் வீட்டில் செய்தால் வேறு ருசி.

உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், ரோல்ஸை முன்கூட்டியே செய்து வைக்கலாம். கோதுமை மாவைக் கரைத்து மெல்லிய தோசை மாதிரி சுட்டு, உள்ளே கிழங்குக் கறி வைத்து, இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டுவோம். பிறகு முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிப்பது. சைவக்காரருக்கு முட்டை வேண்டாம், மாவுக் கரைசல் போதும். பொரிக்காமல், தூள் பிரட்டின நிலையில் அப்படியே ஃபிரீசரில் வைத்துவிடுவேன். போன கிழமை செய்தது, இந்தக் கிழமை விருந்து. நடுவில் ஒரு வேலையும் இல்லை.

பின்னேரம் ஆட்கள் வரமுன் பொரித்து வைத்துவிட்டு, பரிமாறமுன் ஓவனில் 180 பாகை செல்சியஸில் பத்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுவென்று வரும். மைக்ரோவேவில் மட்டும் வைக்க வேண்டாம், தோல் இழுபடும்.

கறி தண்ணியாக இருக்கவே கூடாது. அதில்தான் ரோல்ஸ் வெடிக்கிறது. கிழங்கு, லீக்ஸ், வெங்காயம், மிளகு, கொஞ்சம் கறித்தூள், எல்லாவற்றையும் வடிவாகப் பிரட்டி ஆறவிட்டுத்தான் சுருட்ட வேண்டும்.

இன்னொன்று. மச்சம் (அசைவம்), சைவம் இரண்டும் வைக்கிற வீட்டில் இரண்டையும் வேறு வேறு வடிவத்தில் செய்வது எங்கட அம்மாவின் வழக்கம். மீன் என்றால் நீட்டு, மரக்கறி என்றால் முக்கோணம். வெள்ளிக்கிழமை விரதகாரர் ஆரையும் கேட்காமலே தங்கடதை எடுத்துக்கொள்வினம். சைவத்தை முதலில் பொரித்துவிட்டுத்தான் மற்றது அந்த எண்ணெய்க்குள் போகும். ஒரு பெரியப்பா இருக்கிறார், எந்த விசேஷத்திலும் போகேக்குள்ள இரண்டு ரோல்ஸை டிஷ்யூவில் சுற்றி ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைக்காமல் வெளிக்கிட மாட்டார். அவருக்கென்றே கூடுதலாகப் பொரிப்போம்.

ஆச்சிவீடு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து குழிப்பணியாரத்துக்கு ஓர் ஓட்டு. இட்லி மாவு இருந்தால் போதும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துக் கொட்டி ஊற்றினால் காரப் பணியாரம். வெல்லப்பாகு சேர்த்தால் இனிப்பு. 12 குழிக் கல் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் 100 எடுத்துவிடலாம். விருந்தாளி வருவதற்கு முன்பே சுட்டு, ஹாட்பாக்ஸில் அடியிலும் மேலேயும் துணி போட்டு மூடினால் வியர்த்து நமுத்துப் போகாது. இனிப்புப் பணியாரம் ஆறினாலும் கேட்பார் உண்டு. காரப் பணியாரம் ஆறினால் கொஞ்சம் சுணக்கம்தான், அதை மறைக்கக் கூடாது. என் அண்ணன் மகள் பணியாரத்தோடு வறுத்த பனீர்த் துண்டு ஒன்றையும் குத்தி வைத்தாள். இளசுகள் அதைத்தான் தேடி எடுத்தார்கள். எனக்கென்னவோ பணியாரம் தனியாக இருந்தாலே போதும் என்று தோன்றியது.

இரண்டு பிள்ளைக்காரன்

குத்தி வைப்பது பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஐந்து வயதுப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் டூத்பிக் வேண்டாமே. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஒரு குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டே ஓடியது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அதேபோல முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை எல்லாம் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி வையுங்கள். சுண்டலில் கடலைக்குப் பதில் ஸ்வீட் கார்ன் போட்டுக் காகிதக் கப்பில் கொடுத்தால் பெரியவர்களும் சாப்பிடுவார்கள். யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதா என்று அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மொட்டைமாடி

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு என் கணக்கு இப்படி: தட்டுவடை மேசை, பொடி மினி இட்லி, கட்லெட் அல்லது ரோல்ஸ் ஏதாவது ஒன்று, காரம் போடாத கார்ன் கப். பஜ்ஜி மாஸ்டர் யோசனையைக் கேட்டதும் கணவர் குஷியாகிவிட்டார், ஆனால் எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து விட்டுவிட்டோம். இன்னொரு சந்தேகம். அப்பளத்தைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே வெங்காயம், தக்காளி வைத்துக் கொடுப்பதை ஒரு ஹோட்டலில் பார்த்தேன். வீட்டில் சரிப்படுமா?

கரண்டி

சுருட்டுவது கஷ்டமில்லை. அப்பளத்தைப் பாதியாக வெட்டி, சுட்டுக் கல்லிலிருந்து எடுத்த கையோடு சூட்டிலேயே சுருட்ட வேண்டும், ஆறினால் உடையும். ஆனால் தக்காளி உள்ளே போன பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். யாராவது ஒருவர் நின்று நிரப்பி நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தட்டுவடையே போதும்மா, அதை வந்தவர்களே கட்டிக்கொள்வார்கள்.

ஸ்காபரோ அக்கா

சேலத்துத் தங்கச்சி, இங்கே இந்தியக் கடைகளில் பாக்கெட்டில் தட்டை வருகிறது. அது பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கும். அதை வைத்துச் செட் கட்டலாமா?

சேலத்துக்காரி

கட்டலாம் அக்கா, மேலே மூடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தடித்த தட்டை இரண்டு சேர்ந்தால் வயதானவர்கள் பல்லுக்கு ஆகாது. ஒன்றை மட்டும் வைத்து, அதன் மேல் சட்னியும் காயும் போட்டு, கொஞ்சம் ஓமப்பொடி தூவிவிடுங்கள். அதில் கடலைப்பருப்பு நிறைய தெரிகிற பாக்கெட்டை வாங்காதீர்கள், கடித்ததும் அந்த இடத்தில்தான் முதலில் உடைகிறது.