டேப்பெட் வைத்த பிறகு சூடானால் வண்டி அணைந்துவிடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, என்னுடையது 150 சிசி, ஏர் கூல்டு, இரண்டு வால்வு, கார்புரேட்டர் வண்டி. ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் வீட்டிலேயே செய்து பழக்கம். அந்தத் தைரியத்தில் போன ஞாயிறு முதல்முறையாக டேப்பெட்டில், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதில், கை வைத்தேன்.

இரவு முழுக்க இன்ஜினை ஆறவிட்டு, காலையில் மேக்னட்டில் (இன்ஜினோடு சுழலும் சக்கரம்) உள்ள, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். லேசாக ஆட வேண்டிய ராக்கர் இரண்டும் அசையவே இல்லை. இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்று புரிய அரை மணி நேரம் ஆனது தனிக்கதை. அப்புறம் கையேட்டில் சொன்னபடி இன்டேக் 0.05, எக்ஸாஸ்ட் 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஸ்க்ரூவைத் திருப்பி, அதைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கினேன். இறுக்கிய பிறகு மறுபடி அளக்கவில்லை. அங்கேதான் சொதப்பிவிட்டேனோ?

முன்பு கேட்ட டக்டக் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. சந்தோஷப்பட்டேன். ஆனால் பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஐடிலில் நிற்காமல் அணைகிறது. கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. ஆறியதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது!

லாக் நட்டோடு ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பி இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது என்பது என் ஊகம். சரிதானா? நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? இதுவரை இப்படியே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்குமா, அதை இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள முடியுமா?