செரெங்கெட்டி, மாரா: எந்த மாசம் போனீங்க, என்ன பார்த்தீங்க?

"மைக்ரேஷன் (விலங்குகள் கூட்டமாகப் புல் தேடி இடம்பெயர்வது) எந்தத் தேதியில நடக்கும்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொடியேற்றி, தேர் இழுத்து, பத்து நாளில் முடிக்கிற திருவிழா இல்லை அது. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம்), 2 லட்சம் வரிக்குதிரை, லட்சக்கணக்கில் கெஸல் மான்கள் எல்லாம் சேர்ந்து வருஷம் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கின்றன. தான்சானியாவின் செரெங்கெட்டியையும் கென்யாவின் மசாய் மாராவையும் சேர்த்துக் கடிகார முள் போகிற திசையில் ஒரு சுற்று. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே ந்டூட்டு சமவெளி. ஏப்ரல், மே மாதங்களில் வடமேற்காக நடை. மே கடைசி, ஜூனில் க்ருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றின் இந்தக் கரை, அந்தக் கரை. நவம்பரில் சின்ன மழை விழுந்ததும் மறுபடி தெற்கு. மழை எங்கே பெய்து புல் எங்கே முளைக்கிறதோ அதுதான் வழி. அதனால் இந்தக் கணக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும்.

போய் வந்தவர்கள் மாசத்தையும் இடத்தையும் முதல் வரியில் போட்டுவிட்டு, பார்த்ததை எழுதுங்கள். டூர் கம்பெனி விளம்பரம் வேண்டாம்.

---

ஆகஸ்ட் கடைசி, மசாய் மாரா

ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்கத்தான் போனேன், பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்பதை யாரும் வீடியோவில் போடுவதில்லை.

எதிர்க்கரையில் கூட்டம் சேரும். முன்னால் நிற்பது தண்ணீர் வரை இறங்கும், மோந்து பார்க்கும், நிற்கும். பின்னால் இருப்பவை நெருக்கும். திடீரென்று ஒரு வரிக்குதிரை எதற்கோ மிரண்டு கனைக்கும். அவ்வளவுதான், மொத்தமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து. எங்கள் டிரைவர் லேண்ட் குரூசரைக் கரையிலிருந்து தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். வண்டிகளைப் பார்த்தால் அவை இறங்காது என்றார். எல்லா வண்டிக்கும் அந்தப் பொறுமை இல்லை. ஒரு வேன், கூட்டம் ஏறி வரவேண்டிய தடத்திலேயே போய் நின்றது. இறங்க ஆரம்பித்தவை திரும்பிப் போய்விட்டன. ரேஞ்சர் வந்து விரட்டிய பிறகுதான் அந்த வேன் நகர்ந்தது.

சாயங்காலம் நான்கு மணி வாக்கில் ஒன்று குதித்தது. அப்புறம் யோசனையே இல்லை, ஒன்றின் முதுகு மேல் ஒன்றாக விழுந்தன. "ம்ங்க், ம்ங்க்" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம், ஆயிரக்கணக்கில். முதலை ஒன்றைப் பிடித்ததைப் பார்த்தேன், ஆனால் மனதில் நின்றது அது இல்லை. ஏறும் கரை செங்குத்து. நனைந்த மண்ணில் குளம்பு வழுக்கி, ஏறினவை பின்னால் வந்தவற்றின் மேலேயே சரிந்தன. சாவு அங்கேதான் அதிகம். 2001-லிருந்து 2015 வரை கணக்கெடுத்த ஆய்வாளர்கள், வருஷத்துக்குச் சராசரியாக 6,000-க்கு மேல் இந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்கிறார்கள். மறுநாள் காலையில் ஆறு போகிற திசையில் கொஞ்ச தூரம் போனால் நாற்றம் தாங்காது. பாறைக்குப் பாறை பிணந்தின்னிக் கழுகும் மராபூ நாரையும். எலும்பு முழுதாக மக்கவே ஏழு வருஷம் ஆகுமாம், அதுவரைக்கும் ஆற்றுக்கு அதுதான் உரம்.

போகிறவர்களுக்கு ஒன்று: மாராவில் ஒரே ஒரு ராத்திரி, அடுத்து நகுரு, அடுத்து அம்போசெலி என்று ஓடுகிற பேக்கேஜை எடுத்துவிட்டு "கிராசிங் கிடைக்கலை" என்று புலம்பாதீர்கள். ஆற்றுக்குப் பக்கத்திலேயே நாலு ராத்திரி தங்குங்கள். மற்ற இடத்தை வெட்டுங்கள். சுற்றுலாக் கூட்டம் பிடிக்காதென்றால் அதே ஆற்றின் தான்சானியா பக்கம் கொகாடெண்டே இருக்கிறது. வண்டி குறைவு, விலை அதிகம்.

---

பிப்ரவரி, ந்டூட்டு

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரசவம் பார்த்தே வயசானவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எனக்கு ஆற்றைவிட ந்டூட்டுதான் பெரிது.

அந்தச் சமவெளியில் மரம் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைப் புல். எரிமலைச் சாம்பல் படிந்த மண். புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு வேண்டியது அதுதான். குட்டைப் புல்லில் சிங்கம் ஒளிந்து வரவும் முடியாது. கன்றுகளில் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை கன்று விழுந்தால் கழுதைப்புலி எவ்வளவுதான் தின்னும்? அதுதான் கணக்கு.

காலையில் ஒரு பசு (அப்படித்தான் வாயில் வருகிறது) கன்றின் முன்னங்குளம்பு இரண்டும் வெளியே தெரிய, கூட்டத்தோடு நடந்துகொண்டே இருந்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. கன்று விழுந்ததும் தாய் நக்கிவிட்டது. அது முதல் தடவை எழுந்து மூக்கு குப்புற விழுந்தது. இரண்டாவது தடவை பின்னங்கால் மட்டும் நின்றது. பத்து நிமிஷத்துக்குள் தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. நம்ம ஊர்க் கன்று அந்த நேரத்தில் நிற்கவே தடுமாறும். கழுதைப்புலி இரண்டு தள்ளிப் படுத்திருந்தன. இந்த முறை நஞ்சுக்கொடியோடு திருப்திப்பட்டுக்கொண்டன.

தாயைத் தொலைத்த கன்று ஒன்று எங்கள் வண்டியைத் தாய் என்று நினைத்து டயரை ஒட்டியே ஓடி வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த கூட்டம் வரை மெல்ல ஓட்டிப் போய் விட்டுவிட்டு விலகினார். அதன் தாய் அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கூட்டம் எப்போதும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. 1890-களில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஆப்பிரிக்கா முழுக்க மாடுகளையும் காட்டு விலங்குகளையும் வாரிக்கொண்டு போனது. 1960-களின் தொடக்கத்தில்கூட வில்டபீஸ்ட் இரண்டரை லட்சம்தான். சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் நோய் காட்டிலிருந்தும் போய்விட்டது. 1970-களின் கடைசியில் 13 லட்சம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராமம் கிராமமாக அதே வெக்கைக்குத்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். 2011-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மாட்டுக்குப் போட்ட ஊசியால் காடு நிறைந்ததை அங்கே நின்று பார்த்தேன்.

திட்டத்துக்கு: பிப்ரவரியில் நடு செரெங்கெட்டியில் ரூம் போட்டுவிட்டுத் தினமும் தெற்கே வந்து போகலாம் என்று நினைக்காதீர்கள், பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். ந்டூட்டுவிலேயே தங்குங்கள். ந்டூட்டு, ங்கோரங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் தடத்தை விட்டு வண்டியை இறக்க எங்களுக்கு அனுமதி இருந்தது. தேசியப் பூங்காவுக்குள் அது நடக்காது. பேக்கேஜில் தாராங்கிரே பூங்காவையும் சேர்த்திருந்தால், அங்கே யானைக் கூட்டம் ஆற்றோரம் சேர்வது ஜூன் முதல் அக்டோபர் வரைதான். பிப்ரவரியில் அவை சிதறிப் போயிருக்கும்.

---

ஏப்ரல் கடைசி, நடு செரெங்கெட்டி, ங்கோரங்கோரோ

எங்களுக்கு வேற வழியில்லைங்க. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டாத்தான் கிளம்ப முடியும். அங்கே அப்போதான் மசிகா, பெருமழைக் காலம். எல்லாரும் வேண்டாம்னாங்க. ஆகஸ்ட் ரேட்டைப் பார்த்துட்டு இந்த ரேட்டையும் பார்த்தேன், போயிட்டோம்.

நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் மண்ணு மழையில என்ன பண்ணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செரெங்கெட்டியிலயும் பாதி இடம் அதே கரிசல்தான். வண்டி அச்சு வரைக்கும் புதைஞ்சு, வேற வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தாங்க. என் பையனுக்கு சிங்கத்தைவிட அதுதான் பிடிச்சிருந்தது. சில கேம்ப் அந்த மாசங்கள்ல மூடிடுவாங்க, புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க. மழை நாள் பூரா கொட்டும்னு பயந்தோம். எங்களுக்குப் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் வந்தது, காலைப் பொழுது கழுவிவிட்ட மாதிரி பளிச்சுனு இருந்தது.

சிங்கம், சிறுத்தை எல்லாம் வில்டபீஸ்ட் பின்னாடி ஊர் சுத்தாது, அதது இடத்துலதான் இருக்கும். செரோனேரா பக்கம் பெரிய பெரிய பாறைக் குன்று இருக்கு. மழை விட்டதும் ஒரு சிங்கக் குடும்பமே அது மேல ஏறி ஈரத்தைக் காயப் போட்டுக்கிட்டு படுத்திருந்தது. எங்க வண்டி தவிர வேற வண்டியே இல்லை. கூட்டத்தையும் பார்த்தோம். ஆத்தை எல்லாம் தாண்டலை, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசை கட்டி வடமேற்கே போய்க்கிட்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தப்போ போக ஆரம்பிச்சது, சாப்பிட்டு எழுந்தப்பவும் வரிசை முடியலை.

ங்கோரங்கோரோ பள்ளம் எந்த மாசமும் ஏமாத்தாது. சுமார் 260 சதுர கிலோமீட்டர், சுத்தி 600 மீட்டர் உசரத்துக்கு மலைச் சுவர், பெரும்பாலான மிருகங்க உள்ளேயே குடியிருக்கு. காண்டாமிருகம் தூரத்துல பார்த்தோம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் பள்ளத்துக்குள்ள கிடையாது. பொண்ணு அதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா, வெளியே வந்து காட்டினதும் சரியாச்சு.

செரெங்கெட்டியோட மேற்குப் பக்கம் போறவங்க நீலம், கறுப்புத் துணி எடுத்துட்டுப் போகாதீங்க. செட்ஸி ஈக்கு அந்தக் கலர்னா உயிர். ஜீன்ஸ் மேலயே குத்தும்.

---

ஜூலை, ஒகவாங்கோ

நாங்கள் லண்டனில் இருக்கிறம், யாழ்ப்பாணம் சொந்த இடம். எல்லாரும் செரெங்கெட்டியையே சொல்லுறியள், அதால வேற ஒண்டு சொல்லுறன். போட்ஸ்வானாவில் ஜூலை சரியான வறட்சி, ஒரு துளி மழை இல்லை. ஆனால் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவில் வெள்ளம்! அங்கோலா மலையில் மாசக்கணக்குக்கு முன்னம் பெய்த மழை மெதுமெதுவாக இறங்கி, ஊரெல்லாம் காய்ஞ்சு கிடக்கிற நேரம் பார்த்து வந்து சேருது. சுத்தவரத் தண்ணி இல்லாததால மிருகம் எல்லாம் அங்கதான் வரும். மொகோரோ எண்ட ஒடுங்கின வள்ளத்தில் இருந்தால் யானையின் வயிறு எங்கட தலைக்கு மேலால தெரிஞ்சது. விடியக் குளிர் எண்டால் அப்பிடியொரு குளிர், கையுறை கட்டாயம்.

மைக்ரேஷன்தான் வேணும் எண்டு அடம்பிடிக்கிற ஆக்கள் நவம்பரில் சாம்பியாவின் கசங்காவுக்குப் போங்கோ. வில்டபீஸ்ட் இல்லை, பழந்தின்னி வௌவால். ஒரு சின்னச் சதுப்புக் காட்டில் லட்சக்கணக்கில வந்து தொங்கும். பின்னேரம் இருட்டுப்பட முன்னம் மரத்து மேல கட்டின பரணில் ஏறி இருந்தால், எழும்பிப் போற நேரம் வானமே தெரியாது. மேல இருந்து விழுகிறதுக்குத் தொப்பி போடுங்கோ.

---

அப்பா, அம்மாவுக்கு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. பையனுக்குக் காலாண்டு லீவுதான் கிடைக்கும். மாரா சரியா வருமா சார்? சாப்பாடு சைவம்.

---

தாராளமாக. காலாண்டு லீவு என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். தமிழ்நாட்டுப் பள்ளிக் காலண்டரில் மாராவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வில்டபீஸ்ட் கூட்டம் பெரும்பாலும் இன்னும் அங்கேயே இருக்கும், ஆகஸ்ட் நெரிசல் கொஞ்சம் குறைந்திருக்கும். அரையாண்டு லீவில் போனால் கிறிஸ்துமஸ் விலை கொடுத்து, வில்டபீஸ்ட் இல்லாத மாராவைப் பார்க்கலாம். அப்போது அவை இருப்பது செரெங்கெட்டியின் தெற்கில்தான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி முதலில். கென்யா போய்த் திரும்ப அது வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம ஏர்போர்ட்டிலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அறுபது வயசு தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் ரிஸ்க் உண்டு, அதனால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் அப்பா, அம்மாவுக்குப் போடாதீர்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாரா நுழைவுக் கட்டணம் 2024-லிருந்து வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. டிக்கெட் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான். பேக்கேஜ் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், சண்டை வருவதே இதில்தான். நைரோபியிலிருந்து ரோட்டில் போனால் அஞ்சாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கும். பெரியவர்களுக்கு முதுகுவலி இருந்தால் வில்சன் ஏர்போர்ட்டிலிருந்து சின்ன விமானம். ஆளுக்கு 15 கிலோ, கேபின் சாமான் உட்பட. சூட்கேஸ் கூடாது, மடங்குகிற பை.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். கென்யாவில் குஜராத்திகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், லாட்ஜ்களில் சப்பாத்தி, பருப்பு சாதாரணம். தயிர் சாதம் கேட்டால் சாதம் ஒரு தட்டிலும் தயிர் ஒரு தட்டிலும் வரும், நீங்களே பிசைந்துகொள்ளுங்கள். காலைக்கு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா கட்டாயம், மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. அப்புறம், பிளாஸ்டிக் பை கென்யாவில் 2017-லிருந்து தடை, தான்சானியாவில் 2019-லிருந்து. முறுக்கு, தட்டையெல்லாம் கேரி பேக்கில் கட்டாமல் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். டப்பாவின் எடையும் அந்த 15 கிலோவில்தான் சேரும்.